தரவுத்தள வழங்கியின் இணைப்புச் சிக்கல்கள்

தரவுத்தள வழங்கி இணைப்புச் சிக்கல் என்பது, ஒரு வாங்கி மென்பொருள் வலையமைப்பின் ஊடாகத் தரவுத்தள வழங்கியைச் சென்றடைய இயலாமற் போவதையோ, சென்றடைந்தும் உள்ளே அனுமதிக்கப்படாமற் போவதையோ குறிக்கும். இவ்விரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். ஆயினும் பயனரின் திரையில் இரண்டும் "தரவுத்தளத்துடன் இணைக்க இயலவில்லை" என்ற ஒரே வரியாகத் தோன்றுவதுண்டு. இதனால் ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்கு இடுவது வழக்கமாகிவிட்டது. கடவுச்சொல் தவறாக இருக்கும்போது தீச்சுவரை நிறுத்துவதும், தீச்சுவர் தடுக்கும்போது கடவுச்சொல்லை மாற்றுவதும் பலரும் செய்யும் பிழைகள். இணைப்பு எந்தப் படியில் நின்றது என்பதை அறிவதே பழுது நீக்குவதில் முதல் வேலை. வழங்கி தரும் மூலப் பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படித்தால், பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும்.

இக்கட்டுரை மைஎஸ்கியூஎல் வழங்கியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தேவையான இடங்களில் போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் ஆகியவையும் குறிப்பிடப்படுகின்றன.

துறை எண்

ஒரே கணினியில் வலைத்தள வழங்கி, மின்னஞ்சல் வழங்கி, தரவுத்தள வழங்கி எனப் பல மென்பொருள்கள் இயங்கலாம். வரும் பொதி எந்த மென்பொருளுக்கு உரியது என்பதைக் காட்டும் எண்ணே துறை அல்லது போர்ட் எனப்படும். ஐபி முகவரியை அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரியாகக் கொண்டால், துறை எண் அதிலுள்ள ஒரு வீட்டின் கதவிலக்கம் எனலாம். இது 16 பிட் எண் ஆதலால் 0 முதல் 65535 வரை அமையும்.

மைஎஸ்கியூஎல் இயல்பாக 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல் 5432, எஸ்கியூஎல் சர்வர் 1433, ஆரக்கிள் 1521 ஆகிய துறைகளில் காத்திருக்கின்றன. இவை வழக்கம் மட்டுமே. நிருவாகி விரும்பினால் மாற்றலாம். ஆரக்கிள் நிறுவனம் முறைப்படி பதிவு செய்துகொண்ட எண்கள் 2483, 2484 என்பவை. எனினும் அது இன்றளவும் இயல்பிருப்பாக 1521 இலேயே காத்திருப்பது ஒரு வேடிக்கை.

மறுப்பும் மௌனமும்

தரவுத்தள இணைப்புகள் டிசிபி நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. வாங்கி முதலில் ஒரு தொடக்கப் பொதியை அனுப்பும். வழங்கி அதை ஏற்று மறுமொழிப் பொதி அனுப்பும். வாங்கி மீண்டும் ஓர் ஒப்புகை அனுப்பியதும் இணைப்பு உருவாகிவிடும். பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றின் பேச்சு இதற்குப் பிறகே தொடங்குகிறது.

தொடக்கப் பொதிக்கு இணைப்பு கிடைக்காதபோது இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, எதிர்க் கணினி உடனடியாக ஒரு மறுப்புப் பொதியைத் திருப்பி அனுப்பும். வாங்கியில் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பொருளில் பிழை தோன்றும். இதன் எண் லினக்சில் 111, விண்டோசில் 10061. மற்றொன்று, எந்த மறுமொழியும் வராமல் வாங்கி காத்திருந்து காத்திருந்து "காலம் கடந்தது" என்று கைவிடும். இதன் எண் லினக்சில் 110, விண்டோசில் 10060. லினக்சு தன் இயல்பிருப்பின்படி தொடக்கப் பொதியை 6 முறை மறுபடி அனுப்பிப் பார்த்த பின்னரே கைவிடுவதால், இதற்கு 2 நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. உடனடி மறுப்பு உண்மையில் நல்ல செய்தி. முகவரி ஒரு கணினியைச் சென்றடைகிறது, வழி திறந்திருக்கிறது, அங்கே குறித்த துறையில் கேட்பதற்குத்தான் ஆளில்லை. எனவே வழங்கி மென்பொருள் இயங்குகிறதா, வேறு துறையில் அல்லது வேறு முகவரியில் காத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மௌனமோ, பொதி வழியில் எங்கோ விழுங்கப்பட்டதைக் காட்டுகிறது. தீச்சுவர், தவறான ஐபி முகவரி, நின்றுபோன கணினி, மேகக் கணிமைச் சேவைகளின் பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றை இங்கே ஐயுற வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. சில தீச்சுவர்கள் பொதியை விழுங்காமல் மறுப்பு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். அப்போது மறுப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

மைஎஸ்கியூஎல் வாங்கி இவற்றை 2003 என்ற பிழை எண்ணுடன் தந்து, இயங்குதளத்தின் எண்ணை அடைப்புக்குறிக்குள் இடும். பலர் 2003 ஐ மட்டும் தேடிப் பார்க்கின்றனர். பயனுள்ள எண் அடைப்புக்குறிக்குள் இருப்பதே. அங்கே 13 என்றிருந்தால் அனுமதி இல்லை என்று பொருள். ரெட் ஹாட் வகை லினக்சுகளில், வலைத்தள வழங்கி தரவுத்தளத்தை வலையமைப்பின் வழியே அணுகுவதை எஸ்இலினக்சு தடுக்கும்போது இந்த எண் வருவது வழக்கம். இங்கே பொதி கணினியை விட்டு வெளியேறவே இல்லை. எதிர்முனையில் எத்தனை மணிநேரம் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

வழங்கி எங்கே காத்திருக்கிறது

வழங்கிக் கணினியிலேயே அமர்ந்து நெட்ஸ்டாட் கட்டளையையோ, புதிய லினக்சுகளில் எஸ்எஸ் கட்டளையையோ இயக்கினால், காத்திருக்கும் துறைகளின் பட்டியல் கிடைக்கும். அதில் துறை எண்ணுக்கு முன்னால் உள்ள முகவரியைக் கவனிக்க வேண்டும். 0.0.0.0 என்றிருந்தால் அக்கணினியின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் வழங்கி காத்திருக்கிறது. 127.0.0.1 என்றிருந்தால் அதே கணினியில் இயங்கும் மென்பொருள்கள் மட்டுமே இணையலாம்; வெளியிலிருந்து வருவோர்க்கு உடனடி மறுப்பே கிடைக்கும்.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் மைஎஸ்கியூஎல் நிறுவும்போது பைண்ட்-அட்ரஸ் என்ற அமைவு 127.0.0.1 ஆகவே இருக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் லிசன்-அட்ரசஸ் என்ற அமைவும் இயல்பாக உட்கணினியை மட்டுமே குறிக்கிறது. எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ், டெவலப்பர் பதிப்புகளில் டிசிபி இணைப்பே இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். இவை குறைகள் அல்ல. ஏன் இவ்வாறு வைக்கப்பட்டன என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும். இந்த அமைவுகளை மாற்றியபின் வழங்கியை நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டும். இதை மறந்துவிட்டு அமைவுக் கோப்பையே திரும்பத் திரும்பத் திருத்துவோர் உளர்.

யுனிக்சு வகை இயங்குதளங்களில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஒரு தனிக் குழப்பம். மைஎஸ்கியூஎல் வாங்கி இப்பெயரைக் கண்டால் டிசிபி துறையைத் தேடாது. வட்டிலுள்ள சாக்கெட் கோப்பு ஒன்றின் வழியாக இணையும். 127.0.0.1 என்று எழுதினால்தான் துறைவழி செல்லும். சாக்கெட் கோப்பின் இடத்தை வழங்கி ஒருவாறும் வாங்கி வேறொருவாறும் அறிந்திருந்தால் 2002 என்ற பிழை தோன்றும். டாக்கர் போன்ற கொள்கலன்களில் 127.0.0.1 என்பது அந்தக் கொள்கலனையே குறிக்கும். அதைத் தாங்கும் கணினியை அன்று.

வாங்கியிலிருந்து சோதித்தல்

டெல்நெட் கட்டளையில் வழங்கியின் முகவரியையும் துறை எண்ணையும் கொடுப்பது மிகப் பழைய, இன்னும் பயனுள்ள சோதனை. விண்டோசு விஸ்டா முதல் டெல்நெட் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அங்கே பவர்செல்லின் டெஸ்ட்-நெட்கனெக்சன் கட்டளை உதவும். மைஎஸ்கியூஎல்லில் இணைப்பு உருவானதும் வழங்கியே முதலில் பேசும். எனவே டெல்நெட் திரையில் பதிப்பு எண்ணும் சில பொருளற்ற குறிகளும் தோன்றும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் எஸ்கியூஎல் சர்வரும் வாங்கி பேசும்வரை காத்திருப்பவை. அங்கே வெறுந்திரை தோன்றினால் அது தோல்வியன்று, இணைப்பு கிடைத்ததன் அடையாளம்.

பிங் கட்டளையை நம்புவது சரியன்று. பிங் துறைகளைச் சோதிப்பதில்லை. பிங்குக்கு விடையளிக்கும் கணினியின் 3306 மூடியிருக்கலாம். விடையளிக்காத கணினியின் 3306 திறந்திருக்கலாம்.

கதவைத் தாண்டிய பின்

வழங்கியிடமிருந்து ஒரு மறுப்புச் சொற்றொடர் வந்துவிட்டால் வலையமைப்பு நன்றாகவே இயங்குகிறது. இனித் தீச்சுவரைத் தொடவேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல்லில் 1130 என்பது, அந்தக் கணினியிலிருந்து வர எவருக்கும் உரிமை தரப்படவில்லை என்பதைக் காட்டும். 1045 என்பது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை என்பதாகும். மைஎஸ்கியூஎல் ஒரு பயனரை அவர் வரும் இடத்தோடு சேர்த்தே அடையாளம் காண்கிறது. ஒரே பெயர் உட்கணினியிலிருந்து ஒரு கணக்காகவும், வேறு முகவரியிலிருந்து வேறு கணக்காகவும் இருக்கலாம். சரியான கடவுச்சொல்லுக்கும் 1045 வருவதற்கு இதுவே பல நேரங்களில் காரணம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இந்த வேலையைப் பிஜி-எச்பிஏ என்ற கோப்பு செய்கிறது. அதைத் திருத்தினால் வழங்கியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை, கோப்பை மீளப் படிக்கச் செய்தால் போதும்.

1040 என்பது இணைப்புகள் மிகுந்துவிட்டன என்ற அறிவிப்பு. மைஎஸ்கியூஎல்லின் இயல்பு எல்லை 151. நிருவாகிக்கு என்று மேலும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். செயலிகள் அனைத்திற்கும் நிருவாகிக் கணக்கையே கொடுத்து வைத்திருந்தால் அந்த ஓர் இடமும் பறிபோகும். எல்லையை உயர்த்துவது எளிது. ஆனால் திறந்த இணைப்பை மூடாத நிரல் ஒன்று இருந்தால் 1000 ஆக்கினாலும் சில மணிநேரத்தில் நிரம்பிவிடும்.

நன்றாக இயங்கிய இணைப்பு சும்மா இருந்தபின் அறுந்துபோவது வேறுவகை. மைஎஸ்கியூஎல் செயலற்ற இணைப்பை 28800 நொடிகள், அதாவது 8 மணிநேரம் கழித்துத் துண்டிக்கும். இரவில் எவரும் தொடாத செயலி காலையில் முதல் வினவலுக்கு மட்டும் பிழை தந்து, மறுமுறை சரியாக இயங்கினால் இதை ஐயுறலாம். இடையிலுள்ள கருவிகள் இதைவிட விரைவாகக் கைவிடக்கூடும். அமேசான் மேகச் சேவையின் நாட் நுழைவாயிலில் இக்காலம் 350 நொடிகள் மட்டுமே. லினக்சு, உயிர்ப்புச் சோதனைப் பொதியை இயல்பாக 7200 நொடிகளுக்குப் பிறகே அனுப்பத் தொடங்குவதால் அதற்குள் இணைப்பு மடிந்திருக்கும்.

திறந்து வைப்பதன் விளைவு

இணைப்புக் கிடைக்காத எரிச்சலில் தீச்சுவரை முழுதும் நிறுத்திப் பார்ப்பதும், "வேலை செய்கிறது" என்றவுடன் அப்படியே விட்டுவிடுவதும் பரவலான பழக்கம். இதன் விளைவுக்கு 2003 சனவரி 25 அன்று பரவிய சிலாமர் என்ற கணினிப் புழு சான்று.

எஸ்கியூஎல் சர்வர் 2000 ஒரே கணினியில் பல படிகளாக இயங்கவல்லது. எந்தப் படி எந்தத் துறையில் உள்ளது என்று கேட்போர்க்குச் சொல்ல யுடிபி 1434 ஆம் துறையில் ஒரு சேவை காத்திருந்தது. அதிலிருந்த குறைபாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2002 சூலையிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது, பலர் நிறுவவில்லை. சிலாமர் 376 பைட்டு அளவே உடையது, ஒரே பொதியில் அடங்கியது. தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இருமடங்காகி, தாக்கத்தக்க கணினிகளில் 90 விழுக்காட்டை 10 நிமிடங்களுக்குள் பற்றியது. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தென் கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், அப்போது இயக்கத்தில் இல்லாத டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி ஏறத்தாழ 5 மணிநேரம் செயலிழந்தது. அந்நிலையத்தின் தீச்சுவர் 1434 ஐத் தடுத்தே வைத்திருந்தது. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் இணைப்பு தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றதால் புழுவும் அவ்வழியே நுழைந்தது.

2017 சனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரம் அழிக்கப்பட்டு, மீட்புப்பணம் கேட்கும் குறிப்புகள் மட்டும் அவற்றில் விடப்பட்டன. அதே ஆண்டு இறுதியில் வந்த 3.6 ஆம் பதிப்பு முதல் மோங்கோடிபி இயல்பாக உட்கணினியில் மட்டுமே காத்திருக்கிறது.

தொலைவிலிருந்து இணையவேண்டியவர், துறையை உலகுக்குத் திறப்பதற்கு மாற்றாகத் தம் முகவரிக்கு மட்டும் தீச்சுவரில் இடம் தரலாம். அல்லது எஸ்எஸ்எச் சுரங்கவழி அமைக்கலாம். இதில் தம் கணினியின் ஒரு துறை, மறையாக்கப்பட்ட வழியாக, வழங்கியின் உட்துறையுடன் பொருத்தப்படும். தம் கணினியிலும் ஒரு மைஎஸ்கியூஎல் இயங்கினால் 3306 ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கும் ஆதலால் 3307 போன்ற வேறு எண்ணைத் தெரிவு செய்யவேண்டும். வாங்கியில் முகவரியை 127.0.0.1 என்றே எழுதவேண்டும். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால், மேலே கூறியவாறு, அது சுரங்கவழியை விட்டுவிட்டு உட்கணினியின் சாக்கெட் கோப்பைத் தேடிச் சென்றுவிடும்.