கார்புரேட்டரில் உடைந்த ஸ்க்ரூ: ஏன் இறுகுகிறது? எப்படிக் கழற்றுவது?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு உதிரிபாகம் தேடி வருபவர்களை இன்றும் பார்க்கலாம். 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி. அதன் கார்புரேட்டரைத் திறக்கும்போது சின்ன ஸ்க்ரூ ஒன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டால், கைபலத்தால் பயனில்லை.

கார்புரேட்டரின் உடம்பு அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. ஸ்க்ரூ பெரும்பாலும் எஃகு. இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். இதில் அரிபடுவது உடம்புதான். அப்போது உண்டாகும் வெள்ளைப் பொடிக்கு, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். மரை இடுக்கில் ஆப்பு அடித்ததுபோல் அது இறுகிவிடும். தலை கெடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர வகை. பிலிப்ஸ் திருப்புளி அதில் சரியாக உட்காராமல் தலையைத் தேய்த்துவிடும்.

பெட்ரோலை முழுக்க வடித்து, கார்புரேட்டரைத் தனியே எடுத்து, ரப்பர் பாகங்களைக் கழற்றுங்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். பிறகு ஹாட் ஏர் கன்னால் சூடேற்றுங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 100 டிகிரி கூடினால் 4 மி.மீ. துளையில் கிடைப்பது 0.005 மி.மீ.க்கும் குறைவான இடைவெளிதான். பொடியின் பிடி தளர அதுவே பல நேரம் போதும். நெருப்பைக் காட்டவே கூடாது, துத்தநாகக் கலவை 400 டிகிரிக்குள் உருகிவிடும்.

துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பால் பிடித்து முன்னும் பின்னுமாக அசையுங்கள். நீட்டவில்லையா? நடுவில் பஞ்ச் குத்தி, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டை இறக்குங்கள். துளைக்கும்போதே துண்டு கழன்று வரக்கூடும். இவ்வளவு சின்ன ஸ்க்ரூவில் எக்ஸ்ட்ராக்டர் வேண்டாம். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. துளைத்தும் துண்டு வராவிட்டால், லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.