சங்கத்தின் செயலியும் முப்பதாம் நாளும்

முப்பதாவது நாள் காலை எமது ஊர்ச் சங்கத்தின் செயலி நின்றுபோனது. ஹரோவிலிருந்தும் ஈஸ்ட்ஹாமிலிருந்தும் வட்ஸ்அப்பில் ஒரே முறைப்பாடு. "நான் கட்டின சந்தாவைக் காட்டேல்லை" என்றார் ஒருவர். "பழைய எக்செல் காணாதே உங்களுக்கு?" என்று கேட்டார் இன்னொருவர். செயலியைச் செய்து தந்தவர் சங்கத்து நண்பர் ஒருவரின் மகள், இங்கேயே பிறந்து கணினி படித்த பிள்ளை. எமக்குத் தெரிந்தது யாழ்ப்பாணத்தில் படித்த வணிகமாணியும் லண்டன் கடைக்காரர்களின் கணக்குகளும்தான். ஆனாலும் பொருளாளர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அதனால் என்ன நடந்ததென்று உட்கார்ந்து படித்தோம். கோவில், பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் என்று இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

சங்கத்தில் 400 குடும்பங்கள். சிலரிடம் ஐபோன், பலரிடம் அண்ட்ரொயிட். இரண்டுக்கும் தனித்தனியாகச் செயலி எழுதக் காசும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே பிள்ளை ஃபிளட்டரைத் தெரிவு செய்தாள். ஒருமுறை எழுதினால் இரண்டு வகைத் தொலைபேசியிலும் ஓடும். கூகிள் இதன் முதலாவது முழுப் பதிப்பை 2018 டிசம்பரில் வெளியிட்டது இதே லண்டனில், சவுத் கென்சிங்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் என்று அவள் சொன்னபோது எமக்கும் கொஞ்சம் உரிமை வந்தது போலிருந்தது.

செயலி தொலைபேசியில் இருக்கும். கணக்கு எங்கே இருப்பது? அதற்குத்தான் மேகக் களஞ்சியம். நாம் எடுத்தது பயர்பேஸ். 2011 இல் தொடங்கிய இந்தச் சிறு நிறுவனத்தைக் கூகிள் 2014 இல் வாங்கியது. அதில் ஃபயர்ஸ்டோர் என்ற தரவுத்தளம் உண்டு. ஃபிளட்டர் செயலியை அதனுடன் இணைப்பதே பிளக்இன்னின் வேலை. குரொய்டன் லூனர் ஹவுஸில் தஞ்சம் கோரி இருந்தவர்களுக்கு விளக்கம் சுலபம். நாம் தமிழில் சொல்வோம், அதிகாரி ஆங்கிலத்தில் எழுதுவார், நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். எமது செயலி பேசுவது டார்ட் என்ற மொழி. அண்ட்ரொயிடும் ஐபோனும் வேறு மொழிகள். பிளக்இன் நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றிச் சொல்கிறது. நாம் சொன்னதைச் சரியாகச் சொல்வது அதன் கடமை. சொல்லக் கூடாததைச் சொன்னால் தடுப்பது அதன் கடமை அல்ல.

இணைக்கும் வேலை ஒரு சனிக்கிழமை பின்னேரத்துக்குள் முடிந்தது. பயர்பேஸில் ஒரு திட்டத்தைத் திறந்து, கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால், எந்தத் திட்டத்துடன் பேசுவது என்ற விபரத்தை அதுவே ஒரு கோப்பில் எழுதிவிடும். பிறகு அடிப்படைப் பிளக்இன்னையும் ஃபயர்ஸ்டோர் பிளக்இன்னையும் சேர்த்து, செயலி திறக்குமுன் பயர்பேஸைத் தொடக்கிவைக்க வேண்டும். அதோடு சரி.

இடையில் வந்த இரண்டு கேள்விகள்தான் முக்கியம். முதலாவது, தரவு எந்த நாட்டில் இருக்க வேண்டும்? ஒருமுறை தெரிவு செய்தால் அந்தத் தரவுத்தளத்தைப் பிறகு இடம் மாற்ற முடியாது. கூகிள் 2017 யூலையில் திறந்த லண்டன் பிராந்தியத்தை எடுத்தோம். மேகம் என்றாலும் அது கட்டடம்தான். 2022 யூலை 19 இல் இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டிய அன்று, கூகிளின் லண்டன் கட்டடம் ஒன்றில் குளிரூட்டி செயலிழந்து சில சேவைகள் நின்றன.

இரண்டாவது கேள்வி: பூட்டிய நிலையில் தொடங்குவதா, பரிசோதனை நிலையில் தொடங்குவதா? அவசரத்தில் பரிசோதனையை அமத்தினோம். அதன் பொருள், 30 நாட்களுக்கு யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம் என்பது. முப்பதாம் நாள் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. முறைப்பாடு வந்தது அதனால்தான்.

"திகதியை இன்னும் ஒரு மாதம் தள்ளிவிடு பிள்ளை" என்றோம். அவள் மறுத்தாள். "மாமா, பூட்டினது பிழையில்லை. திறந்து கிடந்ததுதான் பிழை" என்று சொல்லி, தன் பரிசோதனைப் பிரதியில் அதே விதியைப் போட்டு, கடவுச்சொல் எதுவுமின்றி, செயலியும் இன்றி, வெறும் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டினாள். பட்டியல் வந்து விழுந்தது. பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம். கடைசிப் பத்தியில் 'ஊரில் உள்ள உறவினர்' என்று நாமே கேட்டு வாங்கிய விபரம். ஈஸ்ட்ஹாம் ஐயா ஒருவரின் தங்கையுடைய வீட்டு விலாசத்தை அவள் சத்தமாக வாசித்தாள். அந்த அறையில் இருந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நாட்டைவிட்டு வந்தவர்களின் பெயரும் அங்கே மிஞ்சியிருப்பவர்களின் வாசலும் ஒரே வரியில் கிடந்தன.

அந்த 30 நாட்களில் யார் வாசித்தார்கள் என்று பார்க்கக் கேட்டோம். வாசித்ததைப் பதியும் ஏற்பாட்டை நாமாகத்தான் முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டுமாம். இயக்கவில்லை. ஆகவே தடயம் இல்லை. எவரும் பார்க்கவில்லை என்று சொல்லவும் எம்மால் முடியாது. பிரித்தானியச் சட்டப்படி இப்படியான கசிவு தெரியவந்து 72 மணித்தியாலத்துக்குள் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். எவருக்கும் ஆபத்து வராது என்று நியாயமாகச் சொல்லக்கூடிய நிலையில் மட்டும் விலக்கு. எம்மால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அறிவித்தோம். 400 குடும்பங்களுக்கும் கடிதம் எழுதினோம். சிலர் ஏசினார்கள், நியாயம்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்கிறது. 2025 யூலையில், பெண்களின் பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்ட அமெரிக்கச் செயலியான 'டீ'யிலிருந்து சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றுள் 13,000 அளவில், ஆளை உறுதிப்படுத்த அந்தப் பெண்கள் கொடுத்த முகப்படங்களும் அடையாள அட்டைகளும். திறந்து கிடந்தது ஒரு பயர்பேஸ் களஞ்சியம் என்று பத்திரிகைகள் எழுதின.

செயலிக்குள் இருக்கும் திறவுகோலை ஒளித்துவைத்தால் போதும் என்று நாமும் நினைத்திருந்தோம். அது திறவுகோலே அல்ல, வீட்டு இலக்கம் மாதிரி. செயலியைத் தரவிறக்குகிற எவரும் அதைப் பிரித்தெடுக்கலாம். காவல் இருப்பது ஃபயர்ஸ்டோரின் விதிகளில் மட்டுமே. 'உள்நுழைந்தவர் வாசிக்கலாம்' என்ற விதியும் காணாது. எவரும் தாமே பதிந்து உள்நுழையக்கூடிய செயலியில் அது எல்லோருக்கும் திறந்த கதவு. எமது விதி இப்போது இதுதான்: ஒருவர் தன் குடும்பத்தின் பதிவை மட்டும் வாசிக்கலாம், முழுப் பட்டியலைப் பொருளாளர் என்று குறிக்கப்பட்ட இருவர் மட்டும் பார்க்கலாம்.

இதில் செலவும் குறைந்தது என்பது கணக்காளர் மனதுக்கு இதமான செய்தி. இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து. ஒவ்வொரு பதிவும் ஒரு வாசிப்பு. 400 பேரின் பட்டியலை 125 பேர் ஒருமுறை திறந்தாலே அன்றைய பங்கு முடிந்தது. தன் பதிவை மட்டும் திறந்தால் 125 வாசிப்புத்தான்.

காசுப் பதிவிலும் ஒரு பள்ளம் இருந்தது. சிக்னல் இல்லாத இடத்திலும் பிளக்இன் எழுதியதைத் தொலைபேசியில் வைத்திருந்து பிறகு அனுப்பும். நல்லதுதான். ஆனால் கோடைகால ஒன்றுகூடலில் இருவர் காசு சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 5,000 பவுண் என்று இருவர் தொலைபேசியிலும் இருக்கிறது. ஒருவர் 50 வாங்கி 5,050 என்று எழுதுகிறார், மற்றவர் 100 வாங்கி 5,100 என்று எழுதுகிறார். சிக்னல் வந்ததும் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நிற்கும், மற்றது காணாமல் போகும். இதற்கு மருந்து எமது பழைய நாளேட்டில் இருக்கிறது. மொத்தத்தை எழுதக் கூடாது. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் தனிப் பதிவாக எழுத வேண்டும். சேர்க்கலாம், திருத்தவோ அழிக்கவோ முடியாது என்று விதியிலேயே போட்டோம். பிழை விட்டால் எதிர்ப்பதிவு. கணக்காய்வாளர் கேட்டதும் இதுதானே.

இன்னொன்று, திட்டத்தின் உரிமையாளர் யாருடைய மின்னஞ்சல்? அவருக்கு விதி எதுவும் பொருந்தாது, எல்லாவற்றையும் பார்க்கலாம். செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் திறந்திருந்தோம். சங்கங்கள் இரண்டாகப் பிரிவது நமக்குப் புதிதல்ல. அந்த நாளில் பட்டியல் யார் கையில் இருக்கும்? இப்போது சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், அதற்கு இருவர் பொறுப்பு, பொதுக்கூட்டம் முடிந்த கையோடு கைமாறும்.

உறவினர் பத்தியை முற்றாக அழித்துவிட்டோம். செயற்குழுவில் இதைச் சொன்னபோது ஈஸ்ட்ஹாம் ஐயா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப தங்கச்சிக்கு ஏதும் உதவி அனுப்பிறதெண்டால்?"

"உங்களிட்டத்தான் கேப்பம் ஐயா."

"கேளுங்கோ. போனில சொல்லுறன். ஒரு துண்டில எழுதி, காசு போனவுடனை கிழிச்சுப் போடுங்கோ."