சதம் ஒருவருக்கு, பதக்கம் வேறொருவருக்கு

தில்லி அருண் ஜேட்லி மைதானத்தில் 2023 அக்டோபர் 11 அன்று கைதட்டல் எல்லாம் ரோஹித் சர்மாவுக்குத்தான். ஆப்கானிஸ்தானுக்கு எதிரான அந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் 84 பந்துகளில் 131 ரன். ஆட்ட நாயகனும் அவரே. ஆனால் ஆட்டம் முடிந்து டிரஸ்ஸிங் ரூமில் கழுத்தில் பதக்கம் மாட்டிக்கொண்டவர் ஷர்துல் தாக்கூர். எல்லைக் கோட்டருகே பந்தைப் பிடித்தவர், கால் வெளியே போகும் முன் அதை மேலே எறிந்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து பிடித்தார். குர்பாஸ் அவுட்.

சிறந்த ஃபீல்டருக்கான இந்தப் பதக்கத்தை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வழங்கியவர் ஃபீல்டிங் பயிற்சியாளர் டி. திலீப். முதல் பதக்கம் சேப்பாக்கத்தில் விராட் கோலிக்குப் போனது. ஆரவாரமும் கேலியுமாக நடந்த இந்தச் சடங்கைப் படம்பிடித்து கிரிக்கெட் வாரியம் சமூக ஊடகங்களில் வெளியிட, ரசிகர்கள் அதற்காகவே காத்திருக்கத் தொடங்கினர். வாரியத்துக்கு இது நல்ல விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாய்ந்து விழுந்து தடுத்த நான்கு ரன்னுக்கு ஸ்கோர் அட்டையில் இடமில்லை. அதைச் செய்தவனைச் சக வீரர்கள் கொண்டாடுவதை நாடே பார்த்தது, ஃபீல்டர்களுக்குப் புதிது.

இதே சமூக ஊடகம் அணியைக் குதறியும் இருக்கிறது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்றதும், முகமது ஷமியின் மதத்தைச் சொல்லி வசைகள் குவிந்தன. கேப்டன் கோலி பத்திரிகையாளர்கள் முன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்து மிரட்டல் அவர் வீட்டுக்கே வந்தது. ஓராண்டுகூட நிறையாத அவரது மகளைக் குறிவைத்த பதிவுக்காக, தில்லி மகளிர் ஆணையம் போலீசுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஷமிக்குத் துணையாக நின்றது எந்த வீடியோவும் அல்ல, கேப்டனின் வார்த்தை.

பதக்கம் ஷர்துலின் இடத்தைக் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். தர்மசாலாவில் அவருக்குப் பதில் இறங்கியவர் ஷமி. நியூசிலாந்துக்கு எதிராக அன்றே 5 விக்கெட். போட்டி முடிந்தபோது 24 விக்கெட்டுகளுடன் எல்லோரையும் முந்தியிருந்தார்.

தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்ற அணி, நவம்பர் 19 அன்று ஆமதாபாத் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அன்றும் திலீப் பதக்கத்தை நிறுத்தவில்லை. கிடைத்தது கோலிக்கு. அந்த வீடியோவும் வெளியானது. பழைய கேலியும் கூச்சலும் மட்டும் அதில் இல்லை.