வீரனுக்கு எந்த நாடு?

அட்டனிலும் நுவரெலியாவிலுமுள்ள தோட்டங்களில், இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடும் நாளென்றால் லயத்துக்கு லயம் கட்சி பிரிந்துவிடும். ஒரு காம்பராவில் இந்தியாவுக்குக் கரகோஷம். சுவருக்கு அப்பால் இலங்கைக்கு ஆரவாரம். புறத்தே நின்று காண்போர்க்கு இது வேடிக்கை. மலையகத்தாருக்கோ இது வெறும் வேடிக்கையன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் அவர்கள். 1964இல் செய்யப்பெற்ற சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! “நீ எந்த நாட்டான்?” என்ற வினாவைக் கந்தோர் வாசல்களில் கேட்டுக் கேட்டு அலுத்தவர்களிடம், விளையாட்டு மைதானத்திலும் அதையே கேட்பது முறையாகுமா?

இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருபவர் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழில் தேடி வந்தவர். பின்னர் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார். மகன் முத்தையா இங்கேயே தங்கி, கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1977ஆம் ஆண்டு வன்செயலில் அக்குடும்பத்தின் தொழிற்சாலையும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அப்பொழுது முரளிதரனுக்கு வயது ஐந்து.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற அப்பிள்ளை, 1992இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். அதே அவுஸ்திரேலியாவிலேதான் பெருஞ்சோதனையும் காத்திருந்தது. 1995ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், மெல்போர்ண் மைதானத்தில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை ‘நோ போல்’ கூறினார். பல்லாயிரவர் முன்னிலையில் இளைஞரொருவர் அடைந்த அவமானம் அது. சிங்களவரான அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அத்தமிழ் இளைஞரைக் கைவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது. அதனாலேயே பார்ப்போர் கண்ணுக்கு எறிவதுபோலத் தோன்றுகிறது என்று 1996இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்து கூறினர். கூறியவர்களுள் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தாரும் இருந்தனர்! ஆயினும் 2004இல் அந்நாட்டுப் பிரதமர் ஜோன் ஹோவார்டே அவர் எறிபவர்தான் எனப் பேசினார். முரளிதரன் அவ்வாண்டு அங்கு செல்லவில்லை. ஒரு நாட்டின் பிரதமருக்கு அயல்நாட்டு இளைஞரின் முழங்கையிலா இத்தனை அக்கறை என்று நாம் வியந்ததுண்டு.

இந்தப் பகையிலிருந்துதான் 2007இல் நல்லதொரு காரியம் விளைந்தது. இரு நாடுகளும் டெஸ்ட் தொடரில் மோதிப் பெறும் கிண்ணத்துக்கு ‘வோர்ன்-முரளிதரன் கிண்ணம்’ எனப் பெயரிட்டனர். ஷேன் வோர்ன் வீழ்த்திய விக்கெட்டுகள் 708. அதனை அவ்வாண்டு டிசம்பரில் கண்டியிலே முரளிதரன் கடந்தார்.

காலியில் 2010 ஜூலையில் நடந்ததை என்னென்பது! இதுவே தமது இறுதி டெஸ்ட் என முன்கூட்டியே அறிவித்துவிட்டார். எண்ணூறுக்கு இன்னும் எட்டு விக்கெட்டுகள் வேண்டும். எதிரணி இந்தியா. ஏழு வீழ்ந்தன. இந்தியாவின் கடைசிச் சோடி மட்டும் எஞ்சியது. மற்றொருவர் பந்தில் அது சாய்ந்துவிட்டால் கணக்கு 799உடன் முடிந்துவிடும். கடைசிச் சோடியோ எளிதில் அசைவதாக இல்லை. ஈற்றில், ஜூலை 22ஆம் நாள், பிரக்யான் ஓஜாவின் மட்டையில் உரசிய பந்தை மகேல ஜயவர்தன பற்றினார். அதுவே எண்ணூறாவது.

அத்தகைய வீரருக்கு 2013இல் சென்னை மைதானம் அடைக்கப்பட்டது. இலங்கை வீரர் எவரும் அங்கு ஐ.பி.எல். ஆட்டங்களில் ஆடலாகாது எனத் தடை வந்தது. அப்போது பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனும் அதற்கு விலக்கல்லர். முன்னர் சென்னை அணிக்கே ஆடியவர், சென்னையிலே பெண் கொண்டவர் அவர். 2009இல் முடிந்த போரில் மாண்ட தமிழர்களை நினைந்து எழுந்த கொதிப்பு அது. அதில் நியாயமில்லை என நாம் கூறோம். எனினும் அது பந்துவீச்சாளர் மீது பாய வேண்டியதுதானா?

1996இல் கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின்பின், உலகக் கிண்ண ஆட்டத்துக்கு இங்கு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அப்பொழுது இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கூடிக் கொழும்பில் வந்து ஆடினர். 2022இல் பெற்றோலுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற வேளையில், அதே அவுஸ்திரேலியா மறுக்காமல் வந்தது. வோர்ன் மறைந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. ஜூன் 24ஆம் நாள், ஆர். பிரேமதாச மைதானத்தில் இலங்கை இரசிகர்கள் பலர் அவுஸ்திரேலியரின் மஞ்சள் உடை தரித்து, நன்றி கூறும் பதாகைகளை ஏந்தி நின்றனர். அவ்வாட்டத்தில் வென்றது அவுஸ்திரேலியா. இரசிகர்களின் கரகோஷம் அதன்பின்னும் ஓயவில்லை.