வெள்ளிக் களிமண்ணில் அணிகலன்

நகை செய்வது பொற்கொல்லருக்கே உரிய தொழில் என்று நாம் எண்ணி வந்துள்ளோம். உலை, ஊதுகுழல், சுத்தியல், கம்பியச்சு என அவருடைய பட்டறையில்தான் எத்தனை கருவிகள்! அவற்றுள் பெரும்பாலானவை இன்றியே ஒரு வெள்ளிப் பதக்கம் செய்ய இயலும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

1990-களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய ‘மெட்டல் கிளே’ என்னும் உலோகக் களிமண் இதற்கு வழி வகுத்தது. பெயர்தான் களிமண், அதில் மண் இல்லை. மிக நுண்ணிய வெள்ளித் தூள், அதைச் சேர்த்துப் பிடிக்கும் பசை, தண்ணீர் ஆகிய மூன்றின் கலவையே அது. உலர்த்திச் சுடும்போது நீரும் பசையும் நீங்கிவிட, வெள்ளித் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று இணைந்து கெட்டிப்படுகின்றன. எஞ்சுவது தூய வெள்ளியே.

தேவையான பொருட்கள்:

1. உருளை: வழவழப்பான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். இருபுறமும் மூன்று நான்கு சீட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் உருளையை ஓட்டினால் தகடு எங்கும் ஒரே கனமாக, ஏறத்தாழ 1 மில்லிமீட்டராக அமையும்.

2. எண்ணெய்: கையிலும் உருளையிலும் ஒட்டாதிருக்க ஒரு துளி ஆலிவ் எண்ணெய்.

3. நீர், தூரிகை, பிளாஸ்டிக் தாள்: களிமண் விரைவில் காய்ந்து விரிசல் விடும். ஆகவே கையிலெடுத்தது போக மீதியை உடனே மூடி வைக்க வேண்டும்.

4. ஊசி, பிளேடு, குளிர்பானம் உறிஞ்சும் குழல்: முதலிரண்டும் வெட்டுவதற்கு, குழல், சங்கிலி கோக்கும் துளைக்கு.

5. இலை, லேஸ் துணி, பொத்தான்: அழுத்தி எடுத்தால் அழகிய பதிவுகள் விழும்.

6. உப்புத்தாள்: உலர்ந்தபின் ஓரங்களைத் தேய்க்க. உதிரும் தூளும் வெள்ளியே. நீரில் குழைத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

அலுமினியக் கருவிகள் மட்டும் கூடாது. அவை வெள்ளியைக் கெடுக்கும். இவ்வேலைக்கு எடுத்த உருளையை மீண்டும் சமையலுக்குக் கொண்டு போகவும் கூடாது.

இவையனைத்தும் எளியவை. சிக்கனம் பார்க்கக் கூடாதது ஒன்றே: சூட்டை அளந்து காட்டும் சூளை. பல வகைகளை 650 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சுடலாம். 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் உறுதி மிகும். 961 டிகிரியைத் தாண்டினாலோ வெள்ளி உருகிவிடும். சூடு குறைந்தால் வெளியே வெள்ளியாகத் தோன்றும் பதக்கம், சற்று வளைத்தாலே ஒடிந்துவிடும். சிறு பொருட்களை ஊதுவிளக்கின் சுடரிலும் சுடலாம். ஆனால் சன்னல்களைத் திறந்து, கூந்தலை இறுகக் கட்டி, பெரியவர் ஒருவரின் துணையோடுதான் செய்ய வேண்டும்.

சுடும்போது பொருள் சுருங்கும். இன்றைய வகைகள் பலவும் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்குவதால், மோதிரத்தைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். சூளையிலிருந்து வரும்போது அது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். சோப்பு நீரில் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் வெள்ளியின் ஒளி வெளிப்படும்.

இறைவாக்கினர் மலாக்கி, ஆண்டவரை வெள்ளியைப் புடமிட அமர்ந்திருப்பவருக்கு ஒப்பிட்டுள்ளார். தோழியரே, கை வடித்த அழகு நிலைப்பது நெருப்பருகே காட்டும் பொறுமையினால்தான்!