சுவருக்குள் உடைந்த குழாய்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, 2010ஆம் ஆண்டின் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதுதான் தங்கள் வளவை மீண்டும் காணக் கிடைத்தது. ஓடும் கதவும் யன்னலும் போய்ச் சுவர் மட்டும் நின்ற வீடுகளே அங்கு அநேகம். நிற்கிற சுவரை நம்பிக் கூரை போட்டுக் குடிபுகுந்தவர்கள் சில மாதங்களில் எம்மிடம் வந்து, "கூரையில் ஒழுக்கு இல்லைப் பாதர், ஆனால் சுவர் ஊறுது" என்று சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறோம். இன்னும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவர்களுக்கு வீட்டுக்காரரின் மனத்தாங்கலும் சேர்ந்து வரும்.

இவ்வீடுகளிற் பல மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைபோன 1970களில் கட்டப்பட்டவை. கிணற்றடியில் மோட்டர், மேலே சீமெந்துத் தண்ணீர்த்தொட்டி, அங்கிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் சுவருக்குள்ளால் இரும்புக் குழாய் என்பதே அக்காலத்து ஒழுங்கு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கரையோரங்களில் உவரும் சேரும். சுண்ணாம்பு குழாயின் உட்பக்கத்தில் படிந்து துவாரத்தை ஒடுக்குகிறது. உவர்த் தண்ணீரும், சாந்தில் கலந்த கடல் மணலின் உப்பும் நாகப்பூச்சைத் தின்று இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. ஆண்டுக்கணக்காக வெறுமையாகக் கிடந்த குழாய்க்குத் திடீரெனத் தண்ணீர் விட்டால் அது எங்கே வாய்திறக்கும் என்று யாரும் சொல்லமுடியாது.

ஊறும் சுவரைக் கண்டவுடன் உளியை எடுப்பதே பலர் செய்யும் பிழை. முதலில் அது குழாய்க் கசிவுதானா என்று அறியவேண்டும். மாரியில் மட்டும் தோன்றி, நிலத்திலிருந்து மேலேறும் ஈரம் பெரும்பாலும் மண்ணின் ஈரமே. ஆவணிக் கோடையிலும் காயாமல் நிற்கும் ஈரத்தையே குழாயின் மேல் சந்தேகிக்கவேண்டும். இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரவு படுக்கப்போகுமுன் தொட்டியை நிரப்பி மோட்டரை நிறுத்துங்கள். எல்லாப் பைப்புகளையும் இறுகப் பூட்டி, தண்ணீர் மட்டத்தைத் தொட்டியின் உட்புறத்தில் கரிக்கட்டியால் குறித்துவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. அடுத்த இரவு தொட்டியின் அடியிலுள்ள கேற் வால்வையும் பூட்டிவிட்டு அதையே செய்யுங்கள். இம்முறை மட்டம் இறங்காவிட்டால் குற்றம் வீட்டுக் குழாயில். இப்போதும் இறங்கினால் தொட்டியே கசிகிறது, அல்லது வால்வு இறுகப் பூட்டவில்லை; சுவரை உடைப்பதால் பயனில்லை. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பு உள்ளவர்கள் பைப்புகளைப் பூட்டிவிட்டு மீற்றரைப் பார்த்தால் போதும்.

எவ்வளவு போகிறது என்பதையும் கணக்கிடலாம். நீளமும் அகலமும் 4 அடியான தொட்டியில் மட்டம் 1 அங்குலம் இறங்கினால் ஏறக்குறைய 38 லீற்றர் போய்விட்டது என்று பொருள். நிமிடத்துக்கு ஒரு சின்னக் கோப்பை, அதாவது 200 மில்லிலீற்றர், கசிந்தால் ஒரு நாளைக்கு 288 லீற்றர். மோட்டர் ஓடும் மின்சாரச் செலவைவிட, இத்தனை தண்ணீர் சுவருக்குள்ளும் அத்திவாரத்துக்குள்ளும் இறங்குவதே எமக்குக் கவலை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் தொடர்ந்து ஊறினால் சாந்து இளகி, கல் பிடிப்பை இழக்கும். கூரையின் பாரம் முழுவதும் அந்தச் சுவரில்தான் நிற்கிறது.

இனிக் கசியும் இடம். தண்ணீர் கீழ்நோக்கியே வழியும். ஆகவே ஈரத்தின் நடுவில் உடைக்காமல் அதன் மேல்விளிம்பிலிருந்து தேடுங்கள். இரவில் வீடு அடங்கியபின் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்துக் கேட்டால், சீறும் சத்தம் எங்கே கூடுகிறது என்று பிடிபடும். எமது அனுபவத்தில் முதலிற் பார்க்கவேண்டியது பைப்புக்கு நேர் பின்னாலுள்ள முழங்கை வளைவு. நாள்தோறும் கை திருகுகின்ற பலம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. அடுத்தது ஆணி. திருக்குடும்பப் படம் மாட்ட அடித்த ஆணி குழாயில் இறங்கியிருந்தாலும் உடனே தெரியாது. ஆணியே துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அது துருப்பிடித்த பின்னரே கசிவு தொடங்கும். குழாய் போகும் வழி, பைப்புக்கு நேர் மேலே அல்லது நேர் பக்கவாட்டில் என்பதை நினைவில் வைத்தால் ஆணி அடிக்கும்போதும் உதவும்.

உடைக்குமுன் மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துங்கள். ஈரச் சுவருக்குள் வயரும் போகலாம். பின்னர் கேற் வால்வைப் பூட்டி, ஆகக் கீழேயுள்ள பைப்பைத் திறந்து குழாயிலுள்ள தண்ணீரை வடியவிடுங்கள். மெல்லிய உளியால் பூச்சை முதலில் சதுரமாக வெட்டி எடுத்து, பிறகு குழாயைச் சுற்றிக் கல்லைக் கொத்துங்கள். குழாயை நோக்கி நேராக அடித்தால் ஒரு துவாரம் இரண்டாகும்.

உள்ளே தெரிவது பி.வி.சி. குழாயானால் வேலை இலகு. கெட்ட பகுதியை இரும்பறுக்கும் வாளால் நேராக அறுத்தெடுத்து, அதே அளவுப் புதுத் துண்டை இரு பக்கமும் சொக்கற் வைத்து ஒட்டவேண்டும். இரு முனைகளையும் சற்று வெளியே வளைத்தால்தான் துண்டு உள்ளே போகும். அதற்காகச் சுவரை ஒன்றரை அடி முதல் 2 அடி நீளத்துக்குத் திறக்கத்தான் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவேண்டாம். ஒட்டும் இடங்களை அரத்தாளால் தேய்த்து, துடைத்து உலரவிட்டு, பசையை இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பூசி, தள்ளும்போதே கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். மேலிருந்து தண்ணீர் துளித்துளியாக வந்தால் பசை பிடிக்காது. அப்போது பாணின் உட்பகுதியைக் கசக்கிக் குழாய்க்குள் அடையுங்கள். வேலை முடியும்வரை அது தண்ணீரை மறிக்கும். பிறகு தானே கரைந்து பைப்பால் வெளியே போகும். கடையில் அழுத்தம் தாங்கும் தண்ணீர்க் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். வயர் போடும் மெல்லிய குழாயை விலை குறைவென்று வாங்கிப் பூட்டியவர்களும் உண்டு.

சொக்கற்றுக்குப் பதிலாகக் குழாயின் நுனியை நெருப்பில் காட்டி வாய்விரித்துப் பொருத்தும் வழக்கம் எங்கள் பகுதிகளில் சாதாரணம். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும் குழாய்க்கு அது போதும். நெருப்புப்பட்ட இடம் மெலிந்துவிடுவதால் சுவருக்குள் புதைக்கும் குழாய்க்கு அது வேண்டாம். சைக்கிள் ரியூப்பைக் கிழித்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டுவதும் அப்படியே; மேசன் வரும்வரை இரண்டு நாள் தாங்கும். அதன்மேல் சாந்து பூசுவது கசிவை மூடிமறைப்பதேயன்றித் திருத்துவதாகாது.

உள்ளே இரும்புக் குழாய் தெரிந்தால், உளியின் நுனியால் சுரண்டிப் பாருங்கள். தகடு தகடாக உரிந்து வந்தால் அதைத் திருத்த முயலவேண்டாம் என்பதே எமது உறுதியான கருத்து. ஓர் இடத்தில் இறுக்கத் திருகினால் அடுத்த பொருத்து உடையும்; அதைத் தேடி அடுத்த அறைச் சுவரும் உடையும். பலர் மீள்குடியேற்ற உதவிப் பணத்தில் ஒரு பகுதியை இப்படியே ஒவ்வொரு கசிவாகத் துரத்திச் செலவழித்ததைக் கண்டிருக்கிறோம். பழைய குழாயைத் தொட்டியடியிலேயே துண்டித்து மூடியிட்டு, சுவருக்குள் அப்படியே விட்டுவிடுங்கள். தொட்டியிலிருந்து புதிய பி.வி.சி. குழாயைச் சுவரின் வெளிப்பக்கமாக இறக்கி, 2 அடிக்கு ஒரு பிடி அடித்துக் கொண்டுசென்று, பைப்பு வேண்டிய இடத்தில் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே எடுங்கள். பைப்புப் பூட்டும் முனைக்கு மட்டும் பித்தளை மரையுள்ள வளைவு வாங்குங்கள். வெறும் பிளாஸ்ரிக் வளைவு திருகும்போது வெடிக்கும். வெயில் படும் பகுதிக்கு வர்ணம் பூசிவிடுங்கள், இல்லாவிடில் குழாய் சில ஆண்டுகளில் நொறுங்கும்.

"வெளியில் பைப்பு தெரிந்தால் வீடு வடிவில்லை" என்று வீட்டுக்காரம்மா சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் வெளியே ஓடும் குழாய் கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும். ஒரு வாளால் மகனே அதை அறுத்துத் திருத்துவான். மற்றவர் வீட்டில் இருப்பவர்கள் உளியை எடுக்குமுன் வீட்டுக்காரருக்குச் சொல்லி, செலவு யாருடையது என்பதைப் பேசித் தீர்த்து ஒரு கடதாசியில் எழுதிவைப்பது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஈரச் சுவரின் படத்தைத் தொலைபேசியில் அனுப்பினால் பேச்சு இலகுவாகும்.

திருத்தியவுடன் சுவரை மூடவேண்டாம். பசைக்கு ஒரு நாள் விட்டு, பிறகு தண்ணீரைத் திறந்து இரண்டு இரவுகளாவது திறந்த சுவரைப் பாருங்கள். எங்கள் பங்குமனையில் திருவிழா நெருங்குகிறதென்று வேலை முடிந்த அன்று மாலையே பூசுவித்தோம். கொடியேறிய மூன்றாம் நாள் அதே இடத்தை மறுபடியும் உடைக்க நேர்ந்தது. மூடுமுன் குழாயின் பக்கத்தில் அடிமட்டத்தைப் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு ஆற்று மணலோ கழுவிய மணலோ சேர்த்து அடைத்து, சில நாட்கள் தண்ணீர் தெளியுங்கள். சுவர் முழுதாகக் காயப் பல வாரங்கள் செல்லும். அதுவரை வர்ணம் பூசினால் கொப்புளித்து உதிரும்.