சாலிட் பாடியா, அகூஸ்டிக்கா? கம்ப்யூட்டரில் இணைக்க ஏற்ற யுகுலேலே பேஸ்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் முதலில் பாட்டு கேட்கிறோம். சில வாரங்களில் பலருக்கு அடுத்த ஆசை வருகிறது: நாமே ஏதாவது வாசித்துப் பதிவு செய்து பார்த்தால் என்ன? கீபோர்டும் கிடாரும் எல்லோரும் அறிந்தவை. பேஸ் கிடார் வாங்கலாம் என்றால் அதன் நீளமும் எடையும் தயங்க வைக்கும். இப்படித் தயங்குபவர்களுக்காகவே வந்திருக்கிறது யுகுலேலே பேஸ். மடியில் குழந்தையைப் போல வைத்துக் கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்தபடியே வாசிக்கலாம்.

வழக்கமான பேஸ் கிடாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். 1951ல் பெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் இந்த அளவைப் பரவலாக்கியது. யுகுலேலே பேஸில் இது 20 அல்லது 21 அங்குலம்தான். ஆனால் சுருதி அதேதான். இ, ஏ, டி, ஜி என்ற நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. நீளத்தைக் குறைத்துவிட்டு அதே தந்தியை அதே சுருதியில் வைத்தால், இழுவிசை 40 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தந்தி கொடிக்கயிறு போலத் தொங்கும். அதனால்தான் இதில் ரப்பர் போன்ற தடித்த பாலியுரித்தேன் தந்திகள் போடுகிறார்கள்.

சாலிட் பாடி வகைதான் முதலில் வந்தது என்று சொல்லலாம். 1980களின் நடுவில் கில்டு நிறுவனம் ஆஷ்போரி என்ற குட்டி பேஸை வெளியிட்டது. 18 அங்குல நீளம், சிலிக்கோன் ரப்பர் தந்திகள், உள்ளே வெற்றிடம் இல்லாத உடல். பல ஆண்டுகள் கழித்து ஓவன் ஹோல்ட் என்ற கைவினைஞரின் முயற்சியும், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள காலா நிறுவனத்தின் தயாரிப்பும் சேர்ந்து யூ-பேஸ் பிரபலமானது. இப்போது இரண்டு வகைகளும் கடைகளில் கிடைக்கின்றன.

கடையில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "சாலிட் டாப்" என்று எழுதியிருந்தால் அது சாலிட் பாடி அல்ல. பிளைவுட் போல அடுக்குகளாக ஒட்டாமல், முகப்புப் பலகையை ஒரே மரத்தில் செய்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். உள்ளே கூடாக இருக்கும் அகூஸ்டிக் வகைதான் அது. ஆன்லைனில் வாங்கும்போது படத்தில் ஒலித்துளை இருக்கிறதா, பக்கவாட்டில் உடல் எவ்வளவு தடிமன் என்று பார்த்துவிடுங்கள்.

அகூஸ்டிக் என்றால் சத்தமாகக் கேட்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 8 மீட்டருக்கும் அதிகம். அதைக் காற்றில் நன்றாகத் தள்ள டபுள் பேஸ் போன்ற ஆளுயரப் பெட்டி வேண்டும். இந்தச் சின்னக் கூட்டால் அது முடியாது. அமைதியான அறையில் உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ஒரு சாதாரண யுகுலேலேயுடன் மெதுவாகச் சேர்ந்து வாசிக்கலாம். நாலு பேர் கிடாரோடு உட்கார்ந்தால் இது காணாமல் போய்விடும். அகூஸ்டிக்கை அதன் சத்தத்துக்காக வாங்காதீர்கள். எதையும் ஆன் செய்யாமல் எடுத்தவுடன் வாசிக்கலாம் என்ற வசதிக்காக வாங்கலாம். பழகுபவருக்கு அதுவும் பெரிய வசதிதான். சாலிட் பாடியை இணைப்பு இல்லாமல் மீட்டினால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது.

கம்ப்யூட்டரில் இணைக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ரப்பர் தந்தியில் இரும்பு இல்லை. எனவே எலெக்ட்ரிக் கிடாரில் இருக்கும் காந்தப் பிக்கப் இதில் வேலை செய்யாது. இரண்டு வகையிலுமே தந்தி அமர்ந்திருக்கும் சேடிலுக்கு அடியில் பீஸோ பிக்கப் இருக்கும். அழுத்தம் மாறினால் மின் சிக்னல் தரும் பொருள் அது. அகூஸ்டிக்கில் அந்த சேடில் மெல்லிய பலகையின் மேல் நிற்கிறது. பலகை நடுங்கினாலும் சிக்னல் உண்டாகும். விரல் பட்டாலும், சட்டைப் பொத்தான் உரசினாலும் பதிவில் டொக் டொக் என்று விழும். ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தால் அதன் ஒலி கூட்டை அதிரச் செய்து, அது மறுபடி பிக்கப்பில் நுழைந்து, ஊளையிட ஆரம்பிக்கும். இதுதான் பீட்பேக். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் ஓரளவு குறையும். சாலிட் பாடியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அதே பலகை அதிர்வுதான் அகூஸ்டிக்கின் ஒலிக்கு மரத்தன்மையைத் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக் கேட்டால் டபுள் பேஸ் நினைவு வரும். சாலிட் பாடியின் ஒலி இன்னும் சுத்தமாக, கொஞ்சம் வறட்சியாக இருக்கும். மற்ற கருவிகளோடு கலக்கும்போது இந்த வறட்சி உதவியாகவே இருக்கிறது.

எந்த வகையானாலும், வயரை நேராக கம்ப்யூட்டரின் மைக் ஜாக்கில் செருக வேண்டாம். முதலில், கருவியின் பிளக் 6.35 மி.மீ., கம்ப்யூட்டரின் ஜாக் 3.5 மி.மீ. அடாப்டர் வாங்கி இதைச் சரி செய்துவிடலாம். அடாப்டரால் சரியாகாத விஷயம் இம்பிடன்ஸ். பீஸோ பிக்கப் மிக மெல்லிய மின்னோட்டம் தருவது. அதை வாங்கும் இன்புட்டின் இம்பிடன்ஸ் குறைவாக இருந்தால் முதலில் காணாமல் போவது தாழ்ந்த ஒலிகள்தான். பேஸ் வாங்கிவிட்டு பேஸ் ஒலியையே இழப்பதில் என்ன லாபம்? பல மாடல்களில் பேட்டரியில் இயங்கும் பிரீஆம்ப் உள்ளேயே இருக்கும். அது இந்தக் குறையைப் பெரும்பாலும் போக்கிவிடும். எப்படியிருந்தாலும் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வாங்கி, அதில் "இன்ஸ்ட்" அல்லது "ஹை-இசட்" என்று குறித்த இன்புட்டில் இணையுங்கள். பதிவு செய்ய இலவச ஆடாசிட்டி போதும். மீட்டரில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி கெயின் குமிழைத் திருப்புங்கள். வாசிப்பது தாமதமாகக் காதில் விழுந்தால் இன்டர்பேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் ஸ்விட்சைப் போடுங்கள்.

லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு இதன் ஒலியை மதிப்பிடக் கூடாது. அதால் 41 ஹெர்ட்ஸ் தர இயலாது. அந்தச் சுரத்தின் மேல் அடுக்குகள் மட்டும் வெளியே வரும். மிச்சத்தை நம் மூளை நிரப்பிக் கொள்ளும். நல்ல ஹெட்போன் அவசியம். சொல்லப்போனால் என் தேர்வும் இதை வைத்துத்தான். இரவில் ஹெட்போன் போட்டு, கம்ப்யூட்டருடன் மட்டும் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் சாலிட் பாடி. சோபாவில் சாய்ந்தபடி அடிக்கடி எடுத்து மீட்டப் போகிறீர்கள், பதிவு எப்போதாவதுதான் என்றால் அகூஸ்டிக்.

புதிய ரப்பர் தந்திகள் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுருதி இறங்கினால் கருவியில் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பிரீஆம்ப் உள்ள பல மாடல்களில் வயர் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக் கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிளக்கை கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள்.